சம்பந்தி சமைத்த கூட்டம்

நாகஜோதிக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. ஒத்தக்கடையில் பஸ் ஏறினால், சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றபடியேதான் போவாள். அன்றைக்கு மாட்டுத்தாவணிப் பக்கத்து மண்டபத்தில் அவளுக்கு நிற்கவும் முடியவில்லை. புறப்படும்போது மகள் அஸ்வினி சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"கல்யாணம் முடியிற வரைக்கும் மைக்கப் பிடிக்காதம்மா. அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளை வீடு அலங்காநல்லூர். பூ வைத்தாகிவிட்டது. நாகஜோதிக்கு எச்.ஐ.வி. இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மகளுக்கு இல்லை என்பது டெஸ்ட் எடுத்துப் பார்த்த விஷயம். ஆனால் ஊர் வாய் டெஸ்ட் ரிசல்ட்டையா கேட்கும்?

புருஷன் போர்வெல் போடும் லாரியில் மாநிலம் மாநிலமாகச் சுற்றியவர். அவர் இறந்த பிறகுதான் தனக்கும் இருப்பது இவளுக்குத் தெரிந்தது. மதுரையில் மாத்திரை வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திண்டுக்கல்லுக்கு ஓடினாள். திண்டுக்கல்காரர்களோ அதே பயத்தில் மதுரைக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பிழைத்தவன் பஸ்காரன்தான். இந்தக் கூத்தை நினைத்துச் சிரித்த நாளில் அவளுக்குப் பாதி பயம் விட்டுப்போனது. எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்தும் சங்கத்தில் சேர்ந்தாள். மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப்பிடித்துத் திரும்பக் கொண்டுவருவது வேலை. ஆள் திருப்பூருக்குப் போய்விட்டால் அங்குள்ள சங்கத்துக்குப் போன். ஏலத்தோட்டத்துக்குப் போயிருந்தால் இடுக்கிக்குப் போன்.

அப்படிப் போனில் மட்டும் பழகியவர்கள் நேரில் கூடிய கூட்டம் அது. கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் இவளைப் போலவே மாத்திரை போடுகிறவர்கள். அவரவர் ஊரில் பலித்த வழியை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொந்தபந்தம் நிறைந்த விசேஷ வீட்டில் மாத்திரையை விடாமல் போடுவது எப்படி என்பது நாகஜோதியின் பேச்சு.

டீ நேரத்தில் அவளுக்கு உயிரே போய்விட்டது. சாப்பாட்டுக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தவர் நல்லகாமன், மாப்பிள்ளையின் அப்பா. அவர் மேடையில் கட்டியிருந்த பேனரில் பேசுகிறவர்கள் வரிசையில் அவள் பேரை வாசித்துவிட்டு, சிரித்த முகமாக வந்தார்.

"தங்கச்சி, இம்புட்டுப் பெரிய ஆபீசருன்னு சொல்லவே இல்லையே. இந்த நோய்க்காரங்களுக்குப் பாடம் எடுக்குறீகளா? எதுக்கும் தள்ளியே நில்லுங்க."

நாகஜோதி "ம்" என்றாள். அந்த ஒரு எழுத்து அவளை அரித்து எடுத்தது. நான்தான் அந்த நோய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மேடையில் எல்லாவற்றையும் யாரோ ஒரு பெண்ணுக்கு நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். நல்லகாமன் கதவோரம் நின்று பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளிநொச்சியிலிருந்து வந்த யோகராணி எழுந்தாள். மாத்திரைக்கு அவள் ஊரில் குளிசை என்று பேர்.

"அக்கா, உங்கட குளிசைய நீங்கள் எப்பிடி எடுக்கிறனீங்கள்? டப்பா குலுங்கிற சத்தத்துக்குப் பயந்தே எங்கட பிள்ளையள் விட்டிடுதுகள். நாங்கள் பஞ்சு அடைச்சுப் பார்த்தம். அதுவும் சரிவரேல்ல. நீங்கள் செய்யிறதைச் சொன்னால்தான் நான் போய்ச் சொல்லலாம்."

மழுப்ப வழி இருந்தது. ஆனால் கடல் தாண்டி இதற்காகவே வந்திருக்கிறவளிடம் என்னத்தை மழுப்புவது? மைக்கை இறுகப் பிடித்தாள்.

"நான் டப்பாவே வச்சுக்கிறதில்லம்மா. அன்னன்னைக்கு உள்ளதச் சுகர் மாத்திரைக் கவர்ல போட்டுக்குவேன். ராத்திரி ஒம்போது மணிக்கு, எல்லாரும் பார்க்கவே போடுவேன். பதினோரு வருசமா ஒரு நாள் விட்டதில்ல. சுகர்னு சொன்னதால பாயாசம் கிடைக்கல, அது ஒண்ணுதான் நட்டம்."

மண்டபம் சிரித்தது. யோகராணி அதை எழுதிக்கொண்டாள். நாகஜோதி கதவுப் பக்கம் பார்த்தாள். நல்லகாமன் அங்கே இல்லை.

மகளுக்கு என்ன பதில் சொல்வது? பந்தியில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வேலையாட்கள் பரிமாறிக்கொண்டிருந்த வரிசையில், ரச வாளியோடு நல்லகாமனே வந்தார். அவள் இலைக்கு எதிரே நின்றுவிட்டார்.

"பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுண்ணே. அவளுக்கு இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கல்யாணம் பேசுகிற வீட்டிலெல்லாம் அவள் கேட்கச் சொல்லித்தரும் கேள்வி ஒன்று உண்டு. தன் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் அதை விழுங்கி வைத்திருந்தாள்.

"உங்க மகனுக்குப் பார்த்தாச்சாண்ணே?"

நல்லகாமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவன் நல்ல பய."

"எங்க வீட்டுக்காரரும் நல்லவர்தாண்ணே."

அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். அந்த வரிசை முடிய ரசம் ஊற்றிக்கொண்டே போனார். யாரையும் தள்ளி நின்று ஊற்றவில்லை. பிறகு காலி வாளியோடு திரும்பி வந்து குனிந்தார்.

"அவன எங்க கூட்டியாரணும்?"

நாகஜோதி இலையை மூடிவிட்டு எழுந்தாள். "நானே கூட வாரேண்ணே" என்றாள்.