அமுதா வரைந்த சுவர்

அந்தப் புதன்கிழமை முற்பகல் ஸ்டுடியோவில் மாடல் செய்ய அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் அமுதாவின் பெயர் வந்தது. எடுத்தவுடன், "எங்கடி இருக்கே?" என்றேன். பதில் சொன்னது வேறொரு பெண்ணின் குரல். "இந்த ஃபோன் வச்சிருந்த பொண்ணு உனக்கு இன்னா வேணும்மா?" தோழி என்றேன். "அவங்க வூட்ல சொல்லிடும்மா. தளம் வுழுந்துடுச்சி. அந்தப் பொண்ணு உள்ள மாட்டிக்கிச்சி." எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

இன்றோடு நாற்பது நாள். கல்லூரியில், நம் துறையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவளை அமைதியான பெண் என்றார்கள். அவளோடு நான்கு வருடம் இன்டீரியர் டிசைன் படித்த உங்களுக்குத் தெரியும், அவள் அமைதியானவள் இல்லை. சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நாம்தான் கேட்கவில்லை.

முதல் வருடத்தில், தூங்கும் அறையை வரைந்து வரச் சொன்னார்கள். நாம் கட்டில், திரைச்சீலை, ஜன்னல் வெளிச்சம் என்று வரைந்தோம். அமுதா ஒரு சுவரை மட்டும் வரைந்து, அதிலிருந்த விரிசலை அளவு போட்டுக் காட்டியிருந்தாள். "இது டிசைன் கிளாஸ்மா, வூடு ரிப்பேர் இல்ல" என்றார் ஆசிரியர். "சார், அந்த விரிசல் கிட்டதான் எங்கம்மா தல வச்சிப் படுக்கறாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவளுடைய அம்மா பாகூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். பள்ளி விடுமுறைகளில் அமுதாவும் கூடப் போய்ச் செங்கல் சுமந்திருக்கிறாள். அதனால்தானோ என்னவோ, எந்த அறைக்குள் போனாலும் நாம் வெளிச்சத்தைப் பார்த்தால் அவள் விரல் மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். "கலரு புடிச்சிருக்கான்னு கேக்கறாங்க. செவுரு தளத்தப் புடிச்சிருக்கான்னு யாரும் கேக்கறதில்லடி" என்பாள்.

இரண்டாம் வருடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போனது நினைவிருக்கும். புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங்கில் ஓரிடம் மட்டும் லேசாக உப்பி, பழுப்பேறியிருந்தது. "இது வுழுந்துடும்" என்று சொல்லிவிட்டு, அமுதா அதன் கீழே இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மேனேஜர் திட்டினார். அடுத்த மழையில் அந்த இடம் மொத்தமாகக் கீழே வந்தது. மண்டபம் காலியாக இருந்ததால் யாருக்கும் அடியில்லை. "உனக்கு வாய்ல சனிடி" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "சொன்னது நடந்தா நல்லாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஒரு நிஜ வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பாகூரில் ஒரு பழைய வீடு கிடைத்தது. கீழே பழைய செங்கல் சுவர்கள், மேலே பிற்காலத்தில் எழுப்பிய மாடி. மகள் கல்யாணத்துக்குள் பெரிய ஹால் வேண்டும் என்பது வீட்டுக்காரரின் ஆசை. ஒரே வீட்டுக்கு நானும் அமுதாவும் தனித்தனியாக வரைந்தோம். நான் நடுச்சுவரை எடுத்துவிட்டு, வாசலிலிருந்து கொல்லை வரை வெளிச்சம் பாயும் ஹாலைக் காட்டினேன். அவள் அந்தச் சுவரை அப்படியே வைத்து, அதில் ஒரு வாசல் மட்டும் கொடுத்திருந்தாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் என் படத்தைக் கையில் எடுத்துப் பாராட்டினார்கள். அவளிடம், "ஏன் இவ்ளோ பயம்?" என்று கேட்டார்கள். "மாடி அந்தச் செவுரு மேலதான் சார் உக்காந்திருக்கு" என்றாள். குறைந்த மதிப்பெண்ணோடு உட்கார்ந்தாள். பார்க்க வந்திருந்த வீட்டுக்காரர் என் படத்தின் நகலைக் கேட்டார். படம்தானே என்று கொடுத்தேன். "இன்ஜினியர வச்சிப் பாக்காம கை வச்சிடாதீங்க சார்" என்று அமுதா அவரிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாங்கிய பாராட்டு கெட்டுவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அமுதா அழைத்தாள்.

"செவுர ஒடைக்கறாங்கடி. எங்கம்மா பாத்துட்டு வந்து சொன்னாங்க. நான் போயி சொன்னேன், மேஸ்திரி சிரிக்கறாரு."

"நான் ஒடைக்கச் சொல்லலையே."

"உன்னக் குத்தம் சொல்லல. உன் படத்தத்தான் கையில வச்சிருக்காரு. நீ வந்து சொன்னா கேப்பாரு. இப்ப வாயேன்."

"புதன்கிழமை மத்தியானம் சப்மிஷன் இருக்கு அமுதா. அன்னிக்கு சாயந்தரம் வரேன்."

"மாடி ரூம் கதவு நேத்து வரைக்கும் நல்லா மூடுச்சாம். இன்னிக்கு சிக்குது" என்றாள். வில்லியனூர் பேருந்து நிலையத்தில் நின்று அதைக் கேட்டேன். தளம் இறங்கினால்தான் கதவு அப்படிச் சிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வீட்டுக்குத்தான் போனேன்.

மறுநாள் அவள் மறுபடியும் அங்கே போய், மாடிச் சுவரில் புதிதாக விட்டிருந்த விரிசலின் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறாள். விரிசல் அகலமானால் கண்ணாடி உடையும். புதன்கிழமை காலை அது இரண்டாக உடைந்திருந்தது. பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு எல்லோரையும் வெளியே வரவைத்தாள். வீட்டுக்காரரும் மேஸ்திரியும்கூட ஓடி வந்தார்கள். அஞ்சலை என்கிற சித்தாள் மட்டும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியருகே இருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

அமுதா ஹாலுக்குள் திரும்ப ஓடி, படிக்கட்டடியில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். இறங்கி வந்தவரை முன்னால் தள்ளிவிட்டாள். அஞ்சலை வாசலைத் தாண்டினார். அமுதா தாண்டவில்லை. தள்ளிய வேகத்தில் அவள் கையிலிருந்து தெறித்து வாசலுக்கு வெளியே விழுந்த கைப்பேசியில்தான் அஞ்சலை என்னை அழைத்தார்.

காவல் நிலையத்தில் என் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். நான் வரைந்ததுதான் என்றேன். மாணவர் படத்தை நம்பி இடித்தது உன் தவறில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

காரியம் முடிந்த பிறகு அமுதாவின் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"அவ வரச் சொன்னாளாமே?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நீ வந்து சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பானா?"

"தெரியலம்மா. ஆனா நான் வரல."

"நீ அவளப் பத்தி எழுதப் போறதா சொன்னாங்க. எழுதறப்ப இதையும் எழுது" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் என் சித்தப்பா தன் வீட்டில் சமையலறைச் சுவரை எடுத்துவிட ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். தட்டிப் பார்த்தேன். "வேணாம் சித்தப்பா. இன்ஜினியர் வந்து பாக்கட்டும்" என்றேன். "படிக்க வச்சா இதான் பேச்சா? எல்லாரும் எடுக்கறான், எனக்கு மட்டும் இன்னா?" என்று கத்தினார். சித்தி என்னை அடக்கப் பார்த்தார். கால் நடுங்கியது. அமுதாவுக்கும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. நடுக்கத்தோடு பேசிய அந்தத் துணிச்சலைத்தான் அவளிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். அங்கேயே நின்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக, மறுபடியும் வேணாம் என்றேன்.