இத்தாலிய செல்லோவுக்கு அம்மா வைத்த பொட்டு

நான் வாசிக்கிற செல்லோ, அந்தப் பெரிய வயலின் போன்ற வாத்தியம், என்னுடையது இல்லை. ஏறத்தாழ முந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் செய்தது. முதலில் ஒரு தேவாலயத்தில் இருந்தது, பிறகு பாரிஸில் ஒரு வாத்தியக்காரரிடம் போனது, கடைசியில் மொன்றியலில் ஒரு வைத்தியரிடம் வந்து சேர்ந்தது. அவர் காலமான பின் அவருடைய மனைவி எனக்கு இரவலாகத் தந்தார். வருடத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டவேண்டும். பழுது கண்டால் திருப்பி எடுத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட சாமான் அதே நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், பெருமையும் வரும்.

சரஸ்வதி பூசைக்கு அம்மா அதையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். வைத்ததோடு விட்டாரா? அதன் சுருள் தலையில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டார். நான் வெளியே போய் வந்து துடைத்தேன். சந்தனம் போனது, சிவப்பு போகவில்லை.

"என்னம்மா செய்து வச்சிருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"பூசைக்கு வச்சதுக்குப் பொட்டு வைக்காமல் விடுறதே? மிக்சிக்கும் வச்சனான்."

அடுத்த வாரமே முதல் தடவையாகக் கொண்டுபோய்க் காட்டவேண்டிய நாள். திருப்பி எடுத்துக்கொண்டால்? அதன் குரலுக்குப் பழகிய பிறகு வேறொன்றை எப்படித் தொடுவது? அம்மாவும் கூடவே வந்தார்.

வைத்தியரின் மனைவியான அந்த அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடவிப் பார்த்தார். விரல் சிவப்பில் நின்றது. நான் வாய் திறக்குமுன் அம்மா, தான் வேலை செய்யும் கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளோடு கதைத்துப் பழகிய பிரெஞ்சில், "நான்தான் வைத்தேன். எங்களுக்காக உழைக்கிறதுகளுக்கு வருடத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து, பொட்டு வைத்துக் கும்பிடுவோம்" என்றார்.

அம்மையார் செல்லோவின் ஓரத்தில் ஒரு கருகலைக் காட்டினார். தேவாலயத்து மெழுகுவர்த்தி பட்டதாம். பாரிஸ்காரரின் முழங்கால் உரசித் தேய்ந்த இடத்தையும் காட்டினார்.

"என் கணவரின் அடையாளம் எங்கே என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பழக ஆசைப்பட்டுத்தான் வாங்கினார். கெட்டுவிடும் என்று பயந்து அலமாரிக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார்."

எனக்காக அழத் தயாராகப் போனவள், முகம் தெரியாத அந்த மனிதருக்காக அழுதேன்.

"உன்னிடமே இருக்கட்டும். இப்போது ஏதாவது வாசி" என்றார்.

அந்த வெறும் அலமாரிக்கு முன்னால் இருந்து வாசித்தேன். அந்த வீட்டில் அதன் குரல் கேட்டது அன்றுதான் முதல் தடவை.