அசையாமல் நிற்கத் துணை வந்தவள்

செவ்வாய்க்கிழமை விளக்குப் பூஜைக்கு வரும் அக்காமாரே, தங்கச்சிகளே, முத்துமாரியம்மன் எனக்குச் செய்ததை மறைத்தால் பாவம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன ஆடியில் என் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராம் எடுக்கச் சொன்னார்கள். தாராவியிலிருந்து மாமியாரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை அறைக்குள்ளும் வரப் பார்த்தார். வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள்.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து மெஷின் இறுக்கியது. உயிர் போகும் வலி. விலகவும் முடியாது, உட்காரவும் முடியாது. "போதும், போதும்" என்றேன். படம் எடுத்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் இந்தியில், மாமியாரை நிறுத்து என்று கத்தினாள். அத்தை நுழைந்துவிட்டார் போல என்று திரும்பினேன். கதவு மூடித்தான் இருந்தது.

நான்காம் நாள் போன் வந்தது. "திரும்ப எடுக்கணும்" என்றார்கள். காரணம் சொல்லவில்லை. பெரிய வியாதிதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதைவிடப் பயம் அந்த மெஷின். செத்தாலும் அதற்குள் போக மாட்டேன் என்று போன் வந்ததையே மறைத்தேன். எங்கள் வீடு ஒரே அறை, அழ ஒரு மூலை கிடையாது.

"ஏளா, வெங்காயம் உரிக்காமலே கண்ணு கலங்குது?" என்றார் அத்தை.

"தூசி விழுந்துட்டு, அத்த."

அன்று நம் கோயிலில் விழுந்து அழுதேன். தாயே, கட்டியைக் கரைத்துவிடு என்று கேட்கவில்லை. அந்த அறைக்குள் என்னோடு வந்து நில், அது போதும் என்றேன். எழுந்தபோது ஒரு துணிச்சல் வந்தது. வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய் போனபோது வேறொரு மராட்டி அம்மா இருந்தார். போன தடவை நான் அசைந்ததால் படம் கலங்கிவிட்டதாம், அவ்வளவுதான்! தன் மூக்கைத் தொட்டு, "ஸான்ஸ் ரோகோ" என்று மெதுவாகச் சொன்னார். ஸான்ஸ் என்றால் மூச்சு, ரோகோ என்றால் நிறுத்து. போன தடவை என் காதில் விழுந்தது ஸாஸ், மாமியார்! சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு தட்டை இறுக்கும் ரிமோட்டை என் கையிலேயே கொடுத்தார். "நீயே அழுத்து. தாங்கும் மட்டும் அழுத்து. நன்றாக அழுந்தினால்தான் படம் தெளியும்" என்றார்.

நான் தோல் பட்டறையில் பசை தடவி அழுத்துகிறவள். அழுத்தம் குறைந்தால் ஒட்டாது, அசைந்தால் கோணிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நானே இறுக்கினேன். வலி இருந்தது. ஆனால் நிறுத்துவது என் கையில் இருந்தது. மூச்சை அடக்கி, தாயே என்று நின்றேன். படம் தெளிவாக விழுந்தது.

பிறகு ஸ்கேனும் பார்த்து, வெறும் நீர்க்கட்டி, பயமில்லை என்றார்கள்.

"எதுக்குளா சிரிக்க?" என்றார் அத்தை.

"சொன்னா வைவீய, அத்த."

இப்போது அத்தைக்கும் எடுத்தாயிற்று. எங்கள் சந்தில் மூன்று பேரை நானே கூட்டிப் போனேன். கட்டி தட்டுப்பட்டால் மறைக்காதீர்கள், என்னிடம் சொல்லுங்கள், வருகிறேன். நான் வாசலோடு நின்றுவிடுவேன். அவளைக் கூப்பிடுங்கள், உள்ளே வருவாள். நம் தாயை எந்தக் கதவும் வெளியே நிறுத்தாது.