கோர்ட்டுக்குப் போகிறவன், ஆபீஸைப் பார்க்கிறவள்

ஹோ நகரத்தில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த வக்கீல் அலுவலகத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். பெயர்ப்பலகையில் செனானுவின் பெயரும் என்யோனமின் பெயரும் ஒரே அளவு எழுத்தில்தான் இருந்தன. ஆனால் படியேறி வருகிறவர்கள் கேட்பது செனானுவை மட்டும்தான்.

சட்டக் கல்லூரியில் பேச்சு என்றால் என்யோனம்தான். அவள் எழுந்து நின்றாலே எதிரணிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அலுவலகம் தொடங்கியபோது செனானு சொன்னான்: "கொஞ்ச நாளைக்கு நீ ஆபீஸப் பாத்துக்கோ, நான் கோர்ட்டப் பாத்துக்கறேன். எனக்குக் கணக்குன்னாலே தலை சுத்தும்."

அந்தக் கொஞ்ச நாள் வருடக் கணக்கில் நீண்டுவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல், வரி அலுவலகம், தட்டச்சுப் பெண்ணின் சேமநிதி, வாய்தா தேதிகள், காணாமல்போன கோப்புகள் எல்லாம் அவள் தலையில் விழுந்தன. அவன் கறுப்பு அங்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

டாவி அமேயோ என்பவள் சந்தையில் துணிக்கடை வைத்திருந்தாள். சந்தை நிர்வாகம் அவள் கடையைப் பூட்டப் பார்த்தது. அதைத் தடுக்கும் மனுவை வரிவரியாக எழுதியது என்யோனம். கையெழுத்து மட்டும் செனானுவுடையது. ஒரு நாள் டாவி பெருவள்ளிக் கிழங்கும் ஒரு சேவலுமாக வந்து, என்யோனமின் மேசையைத் தாண்டி நடந்தாள்.

"ஏம்மா, லாயர் உள்ள இருக்காரா?"

"நானும் லாயர்தான், டாவி."

"அப்படியா? நீ டீசல்காரன்கிட்ட சண்ட போடுறதத்தானே நான் பாத்திருக்கேன். இது அவருக்கு. பேசிப் பேசித் தொண்ட காய்ற மனுஷன், நல்லாச் சாப்பிடணும்."

செனானுவின் அறையில் அந்தச் சேவல் கூவக் கூவ, என்யோனமுக்கு வயிறு எரிந்தது.

டாவியின் வழக்கு வந்த நாளில் செனானு வேறு ஊர் நீதிமன்றத்தில் நிற்கவேண்டியதாயிற்று. முந்தின நாள் "நீ போறியா?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் தலையாட்டிவிட்டாள். அன்று இரவெல்லாம் கண்ணாடி முன் நின்று வாதத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

நீதிமன்றத்தில் அவள் வாயைத் திறக்குமுன் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இந்தம்மா பேரு இந்த வருஷத்து வக்கீல் உரிமப் பட்டியல்ல இல்லையே."

என்யோனமுக்கு முகம் வெளிறியது. வருடம் பிறந்ததும் செனானுவின் உரிமத்தை அவள்தான் புதுப்பித்தாள். கோர்ட்டுக்கே போகாதவளுக்கு என்ன அவசரம் என்று தன்னுடையதைத் தள்ளிப்போட்டு, மறந்தே போயிருந்தாள். நீதிபதி வழக்கை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தார்.

"எங்க லாயர் வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று டாவி முணுமுணுத்தபடி போனாள்.

விஷயத்தைக் கேட்டு செனானு சிரித்தான். "எனக்கு ஞாபகமாப் பணம் கட்டிட்டு, உனக்குக் கட்ட மறந்துட்டியா? விடு, அடுத்த வாரம் நானே போறேன்."

அவன் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. "நான்தான் போவேன். அன்னிக்கு வரி ஆபீஸ்ல, பாக்கி இல்லன்னு சர்டிபிகேட் வாங்கணும். நீ அங்க போ."

"அங்க எனக்கு யாரத் தெரியும்?"

"எனக்கு மட்டும் யாரத் தெரியும்? மாசக்கணக்கா நடக்கறேன்."

அலைந்து திரிந்து உரிமத்தை வாங்கினாள். அடுத்த வாரம் அவள் பேசிய பேச்சில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார். வழக்கு முடியும்வரை கடையைப் பூட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெளியே டாவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "லாயர்" என்றாள்.

என்யோனம் கால் தரையில் பாவாமல் மாடியேறினாள். செனானு முன்னாலேயே வந்துவிட்டிருந்தான். மேசையில் சான்றிதழ் கிடந்தது.

"அதுக்குள்ளயா?"

"பேரச் சொன்னேன். கோர்ட்ல பேசுற செனானுவான்னு கேட்டு, ஆபீசரே எழுந்து நாற்காலி போட்டார். குளிர்ந்த தண்ணிகூடக் குடுத்தாங்க. நல்ல மனுஷங்க, என்யோ. நீ ஏன் அவ்வளவு அலுத்துக்கறேன்னு தெரியல."

அத்தனை மாதங்களில் அங்கே அவளை ஒருவரும் உட்காரச் சொன்னதில்லை. உத்தரவு வாங்கியதைச் சொல்ல வந்தவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப இனிமே வரி ஆபீஸ் உன்னோடது" என்றாள். "டீசல்காரனும்தான்."

அவன் குடித்துவிட்டு வைத்திருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர் மீந்திருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.