ஒரு வாய் தண்ணீர்

பள்ளிப் பிள்ளைகள் என் அண்ணிக்கு வைத்திருக்கும் பெயர் ‘பதில் டீச்சர்’. அதைப் பாராட்டு என்று அவர் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் டீச்சரிடம் பதில் இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். உண்மையில், அவர் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிடுவார். “ஈரத்துணி காத்துல ஏன் சீக்கிரம் காயுது? தண்ணி ஆவியாகுது, அதான்!” நடுவில் மூச்சுகூட விடமாட்டார். கையைத் தூக்கலாமா என்று பிள்ளைகள் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும், அதன் பதிலும் கூடவே வந்துவிடும்.

அவர் அறிவியல், நான் அதே பள்ளியில் கணக்கு. வீடும் ஒன்றுதான். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நான். ஆக இந்தப் பேச்சு மழையில் இரண்டு இடத்திலும் நனைகிறவள் நான் ஒருத்திதான்.

அவர் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. பாடம் விரல் நுனியில் இருக்கும். விடைத்தாளைப் பாரபட்சமில்லாமல் திருத்துவார். காய்ச்சலோடு வரும் பிள்ளையைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய் விட்டு வருவார். வாய் ஒன்றுதான் ஓயாது.

அவர் மகள் இதற்கு நேர்மாறு. பேசுவதற்கு முன்னால் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கிற பெண். ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் அறிவியல் எடுப்பது அவள் அம்மா, இன்னொன்றில் புதிதாக வந்த சார். ஒருநாள் மாடிக்கு வந்து, என் மேஜையில் கிடந்த காம்பஸைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“அத்தை, அடுத்த வருஷம் எனக்கு அம்மா கிளாஸ் வேண்டாம்.”

“ஏன்டி?”

“வீட்லயே என்னால ஒரு பேச்சை முடிக்க முடியல. அங்கயும் அப்படியே உக்காந்திருக்கணுமா?”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான் இருக்கும். அப்போதே கீழே இறங்கி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “நீங்க சொல்லாதீங்க அத்தை. நானே சொல்லணும்.” அவள் சொன்னதும் சரிதான். நாத்தனார் வாயால் வந்தால் அது குடும்பச் சண்டையாகிவிடும்.

மறுநாள் மாலை சமையலறை ஜன்னலோரம் நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

“அம்மா, அடுத்த வருஷம் எனக்கு உங்க கிளாஸ்…”

“கிடைக்குமான்னு கவலையா? ஹெச்.எம். கிட்ட சொல்லிடறேன், என் கிளாஸ்லயே இருக்கலாம். போதுமா?”

பெண் என்னைப் பார்த்தாள். நான் டம்ளருக்குள் பார்த்தேன். அண்ணி சந்தோஷமாக எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமையாசிரியை ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, சனிக்கிழமை தோறும் ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ என்று அறிவித்தார். பெயர்தான் பயமுறுத்தும். ஒரு ஆசிரியர் ஆறே நிமிடம் பாடம் நடத்த வேண்டும், மற்ற ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும். மொத்தப் பாடத்தையும் யாரும் எடைபோட மாட்டார்கள். ஒரே ஒரு திறமையைத்தான் கவனிப்பார்கள். ஒருவருக்குக் கரும்பலகையில் எழுதுவது, இன்னொருவருக்கு உதாரணம் சொல்வது. முடிந்ததும் குறைநிறைகளைப் பேசி, அதே பாடத்தைத் திருத்தி மறுபடி நடத்த வேண்டும்.

நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். பி.டி. மாஸ்டர் மட்டும் குஷியானார். மாணவனாக நடிக்கச் சொன்னால் அவருக்குத் தலைகால் புரியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தையல் டீச்சரின் பேனாவை ஒளித்துவைத்து, மூன்று தடவை வெளியே போக அனுமதி கேட்டார்.

அண்ணிக்கு விழுந்தது ‘கேள்வி கேட்டல்’. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் ஆறு நிமிடமும் கேள்வியாகக் கொட்டினார், பதிலாகவும் கொட்டினார். பி.டி. மாஸ்டர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. மணி அடித்ததும் தோளைத் தேய்த்துக்கொண்டு, “டீச்சர், தண்டால் எடுத்தாக்கூட கை இவ்வளவு வலிக்காது” என்றார்.

“நீங்க யாரும் பதில் சொல்லல, அதான் நான் எடுத்துக் கொடுத்தேன்” என்றார் அண்ணி, கொஞ்சம் சூடாக.

தலைமையாசிரியை போனில் பதிவு செய்திருந்ததை ஓடவிட்டார். தன் குரலைக் கேட்கக் கேட்க அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேச்சு நின்றது. பாட்டில் மூடி திறக்கும் ஓசை, தண்ணீர் விழுங்கும் ஓசை. அந்த இடைவெளியில் தையல் டீச்சரின் மெல்லிய குரல்: “ஆவியாயிடுச்சு டீச்சர்.” அன்றைக்கு வகுப்பிலிருந்து வந்த ஒரே பதில் அதுதான்.

“அங்க மட்டும் எப்படிப் பதில் சொல்ல விட்டீங்க?” என்று தலைமையாசிரியை கேட்டார்.

“தொண்டை காஞ்சுது” என்றார் அண்ணி. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி நடத்துவது என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழிவரை அவர் பேசவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு, “எங்கம்மாவுக்குத் திக்குவாய், தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும் அண்ணி.”

“கடைக்குப் போனா, அவங்க ஒரு வார்த்தைக்குத் திணறும்போது சுத்தி நிக்கிறவங்க சிரிப்பாங்க. சிரிக்கிறதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிடுவேன். அப்பலேர்ந்து யாராவது பேச்சில்லாம நின்னாலே, அவங்க மாட்டிக்கிட்டு முழிக்கிற மாதிரி இருக்கு. காப்பாத்தணும்னு தோணுது.”

இத்தனை வருடம் அவரை வாயாடி என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அம்மாவைக் காப்பாற்றக் கிளம்பிய வாய்தான் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் என் சுபாவம் விடவில்லை. “எல்லாரும் மாட்டிக்கிட்டு முழிக்கல அண்ணி. சில பேர் யோசிக்கிறாங்க” என்றேன். அவர் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை பாட்டிலோடுதான் வந்து நின்றார். ஒரு கேள்வி கேட்டார். உடனே ஒரு வாய் தண்ணீர் எடுத்து, விழுங்காமல் வைத்துக்கொண்டார். யாராவது கை தூக்கும் வரை விழுங்குவதில்லை என்பது ஏற்பாடு. வாயில் தண்ணீர் இருந்தால் பதில் எப்படி வரும்? கன்னம் இரண்டும் உப்பலாக நின்றார். பி.டி. மாஸ்டர் வேண்டுமென்றே கூரையைப் பார்த்தார். எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை, கடைசியில் அண்ணியாலும் முடியவில்லை. முன் பெஞ்சு நனைந்தது. ஆனால் அதற்குப் பிறகு கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எங்களிடமிருந்துதான் வந்தது. ஒரு கேள்விக்குத் தையல் டீச்சர் சொன்ன பதில் அண்ணி எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

திங்கள்கிழமை நிஜ வகுப்பிலும் அதே வித்தையைச் செய்தார். டீச்சருக்குப் பல்வலி என்று பிள்ளைகள் முதலில் நினைத்தார்கள். ஒருத்தி மருத்துவ அறைக்கு ஓடி கிராம்பெண்ணெய் வாங்கி வந்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் குரல் கேட்க ஆரம்பித்தது. தப்பும் தவறுமாக, ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டு பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு மாலை, அதே ஜன்னலோரம், அதே மூவர். பெண் டீயை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

“அம்மா, அடுத்த வருஷம்…”

அண்ணியின் உதடு பிரிந்தது. அவர் சட்டென்று பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து ஒரு வாய் நிரப்பிக்கொண்டார்.

அவள் அம்மாவின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். “எனக்கு உங்க கிளாஸ் வேண்டாம்மா. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.”

அண்ணி விழுங்கினார். கண் கலங்கிவிட்டது. “ஏன்?” என்று கேட்டுவிட்டு, அவசர அவசரமாக மறுபடி ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

“நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க சொல்லிடறீங்க. நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நான் நினைச்சது என்னன்னு எனக்கே மறந்துடுது.”

இவ்வளவு நீளமாக அவள் பேசி அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. அண்ணி மெதுவாக விழுங்கினார். டம்ளர் காலி.

“இப்பவும் வேண்டாமா?” என்றார்.

இனி வாயை அடைக்க ஒன்றுமில்லை. அவருடைய விரல்கள் காலி டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்தன. பெண் எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுவந்து, அந்த டம்ளரை விளிம்புவரை நிரப்பி அம்மாவின் முன்னால் நகர்த்தினாள்.

“இருங்கம்மா, யோசிச்சுச் சொல்றேன்.”

அண்ணி டம்ளரை எடுத்தார்.