நன்றிக் கடிதம் வாசித்த வியாழக்கிழமை

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்தவன், இன்று சாயங்காலம் ஒரு டீயோடு கவிழ்ந்துவிட்டேன்.

டீக்கடை பாஷா, "இன்னா அண்ணே, உட்டுட்டேன்னு ஏரியா பூரா சொல்லினு இருந்தியே?" என்றான்.

"டேஸ்ட் மறந்துபோச்சு பாய். ஞாபகப்படுத்திக்கினேன்."

வாய்தான் சிரித்தது. வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏலக்காயை மென்றுகொண்டே விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய், எனக்காகக் காத்திருந்த மனைவி ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில், ஜனங்கள் எழுதிப் போட்ட நன்றிக் கடிதங்களை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"குழந்தை இயேசுவே, என் கணவர் நாற்பது நாளாகச் சிகரெட்டைத் தொடவில்லை. உமக்கு நன்றி."

ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "நான் எழுதினதுதாங்க. நீங்க வெக்கப்படுவீங்கன்னு பேரு போடல." கண்ணெல்லாம் தண்ணீர்.

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா லெட்டரு?" என்றேன். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கோயிலே 'ஆமென்' என்றது. நானும் சொன்னேன். நீங்களாக இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பீர்கள், எழுதுங்கள்.

வெளியே மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். காற்றில் அங்கிருந்த எல்லாமே அணைந்திருந்தன.

"யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்குதா கேளுங்க," என்றாள் ஸ்டெல்லா.

நான் யாரையும் கேட்கவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குள் போய், லைட்டரை எடுத்து ஏற்றிவிட்டது.

மெழுகுவர்த்தி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.