ரேடியோ சுப்பண்ணனும் என் அரைஞாணும்

சுப்பண்ணன் இறந்த சேதி வந்தபோது, நான் எங்கள் வீட்டு ரேடியோவின் முதுகைக் கழற்றிவிட்டுத் திரும்ப மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். "ரேடியோ சுப்பண்ணன் காலையில தவறிட்டாருங்க" என்றார் பக்கத்து வீட்டு டெய்லர். "அப்ப இதை யாருங்க மூடுவாங்க?" என்று கேட்டுவிட்டேன். டெய்லர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அவரை அறிந்த உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு அவர் மேல் பொறாமை. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், எட்டாவது வரை படித்தவன். அவர் ஐந்தாவதோடு நின்ற ரேடியோ ரிப்பேர்காரர். ஆனாலும் அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் என் மனைவி சரசாவுக்கு எதற்கும் "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்பதுதான் பதில். மின்விசிறி நின்றாலும் அண்ணன், மகளுக்கு வரன் வந்தாலும் அண்ணன்.

பனியனில் பிசிர் வெட்ட உட்காரும் பெண்கள் வளையலைக் கழற்றி வைப்பது உங்களுக்குத் தெரியும். துணியில் மாட்டினால் இழை ஓடிவிடும். சரசா வீட்டில் அப்படிக் கழற்றி வைத்த தங்க வளையல், மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது, வெட்டுத் துணியோடு சேர்ந்து போய்விட்டது. அந்தத் துணியை நான்தான் கொல்லைக் குழியில் கொட்டி மண் தள்ளினேன். இரண்டு நாள் கிளறியும் அகப்படவில்லை. சரசா என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

கோயம்புத்தூரில் மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே செய்துகொள்ளச் சாமான்களைப் பெட்டியாகவே விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வகை. ஒன்றில் மீட்டர், நாலு திருகு, நாற்பது சாமான். இன்னொன்றில் ஒரு கம்பிச் சுருளும் ஏழெட்டுச் சாமானும்தான். சத்தம் கேட்கப் பக்கத்தில் சின்ன ரேடியோவைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"சின்னதை வாங்குங்க மாப்பிள்ளை" என்றார் சுப்பண்ணன். "மொதத் தடவை செய்யறவங்களுக்குச் சாமான் கம்மியா இருக்கோணும். தப்புப் பண்ணுனா எங்க பண்ணுனோம்னு தெரியோணுமல்லங்க."

அவர் சொன்ன ஒரே காரணத்துக்காகப் பெரியதை வாங்கினேன். மூன்றாம் நாள் அதிலிருந்து புகை வந்தது. மறு வாரம் சத்தமில்லாமல் போய்ச் சின்னதை வாங்கி வந்து, "நானே யோசிச்சு வாங்குனது" என்றேன்.

அது இரண்டே நாளில் வேலை செய்தது. ஒரே குறை, நிற்காமல் கத்தியது. குழியில் கத்தியது, மாட்டுக் கட்டுத்தறியில் கத்தியது, அடுப்படி வாசலில் கத்தியது. கத்திய இடமெல்லாம் தோண்டினேன். சரசா வாங்கிப் பிடித்தால் மட்டும் வாயைத் திறக்காது. "உனக்குப் புடிக்கத் தெரியல புள்ளை" என்றேன்.

"ஊட்டையே கொடைஞ்சு போடுவீங்களாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போன இடம் உங்களுக்கே தெரியும்.

சுப்பண்ணன் வந்தார். நான் ஒரு சுற்றுச் சுற்றுவதைப் பார்த்தார். சரசாவைக் காப்பி போட அனுப்பிவிட்டு என்னைத் தொழுவத்துப் பின்னால் கூட்டிப் போனார்.

"கைப்பிடியை முழத்துக்கு வெட்டிப்போட்டீங்க. சுருள் வயித்துக்கிட்டயே நிக்குது. அது கத்தறது உங்க வெள்ளி அரணாக்கொடியைப் பாத்துங்க, மாப்பிள்ளை."

நான் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். அரைஞாணை மனிதனிடமிருந்து எடுப்பது உயிர் போன பிறகுதான் என்று நமக்கெல்லாம் தெரியும். சரசா முன்னால் அதைக் கழற்றச் சொல்ல முடியுமா? அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்தார். "மொதல்ல இதைக் கட்டுங்க. அப்பறம் வெள்ளியைக் கழட்டுங்க. வெறும் இடுப்பா நிக்க வேண்டாம்." சரசா சொன்னதை வைத்தே விஷயம் புரிந்து, வீட்டிலிருந்து கிளம்பும்போதே கயிற்றோடு வந்திருக்கிறார். அந்த முன்யோசனையின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

பிறகு குனிந்து மண்ணை ஒட்டிப் பிடித்தபோது மிஷின் குழியின் ஓரத்தில் ஒரே இடத்தில்தான் கத்தியது. அரை முழம் தோண்டினேன். வெள்ளைத் துணித் துண்டுக்குள் வளையல் இருந்தது.

"நீங்க பெரிய ஆளுதானுங்க" என்றாள் சரசா. கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் சுப்பண்ணனைப் பார்த்தேன். அவர் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். தெருவே என்னை மிஷின்காரர் என்றது. மறுக்கவில்லை.

சுடுகாட்டில் கூட்டத்தைப் பார்த்து, நமக்கு இதில் பாதியாவது வருமா என்று கணக்குப் போட்டேன், புத்தி அப்படி. கடைசியில் அவர் அரைஞாணை அறுத்தார்கள். வெள்ளி இல்லை, கறுப்புக் கயிறு. எனக்குக் கொடுத்த அதே கயிற்றுக் கண்டிலிருந்து வெட்டியதாக இருக்கும்.

வீடு வந்து குளிக்க உட்கார்ந்தேன். சரசா என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். "உங்க மிஷினைப் பத்தி அண்ணன் எத்தனை பேருகிட்ட மெச்சிச் சொன்னாருங்க தெரியுமா? எம் மாப்பிள்ளை தானாவே செஞ்சு வளையலை எடுத்தாருன்னு."

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என் இடுப்பில் இருக்கும் இந்தக் கயிறுதான். வெள்ளி பெட்டியிலேயே கிடக்கிறது. நனைந்த கயிற்றைத் தொட்டுக்கொண்டேன். 'அது நானில்லை புள்ளை, அவர்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். வாயை மூடிக்கொண்டேன்.